துவாக்குடிப் பட்டறைக்கு வந்து சேரும் வெளிநாட்டு டிராயிங்

இரண்டு நாடுகள் ராணுவத் தொழில்நுட்பத்தில் ஒத்துழைக்கப் போகின்றன என்று செய்தி வந்தால், கூடவே அமைச்சர்கள் கைகுலுக்கும் படம் ஒன்றும் வரும். அதற்கு அப்புறம் நடப்பது செய்தியில் வராது. அந்த ஒப்பந்தம் ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய், அதன் சப்ளையருக்கு இறங்கி, அவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்து, கடைசியில் ஒரு டிராயிங்காக எங்களைப் போன்ற மிஷின் ஷாப்பின் மேசையில் வந்து விழும். எங்கள் பட்டறை திருச்சி–தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில் இருக்கிறது. தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு. டிராயிங்கை முதலில் படிப்பதும், பாகம் வெளியே போகும்போது கடைசிக் கையெழுத்துப் போடுவதும் நான்தான்.

திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்குள் வர நினைக்கும் சிறு தொழில்காரர்களும் இளம் இன்ஜினியர்களும் என்னிடம் நிறையக் கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எந்தப் பாகம், யாருக்கு, எதில் பொருத்துவது என்பதைச் சொல்ல ஒப்பந்தம் அனுமதிக்காது. வேலையில் கற்றதைச் சொல்லலாம்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நாடுகள் ஒத்துழைக்கும்போது நமக்கு எவ்வளவு அறிவு வந்து சேரும் என்பதை ஒப்பந்தத் தாள் பாதிதான் தீர்மானிக்கிறது. மீதிப் பாதி பட்டறையில் இருக்கிறது. டிராயிங் வந்ததும் நாம் என்ன கேட்கிறோம், பதிலை எப்படி எழுதி வைக்கிறோம், அந்த வேலையைக் கற்ற பையன் அடுத்த வருடமும் நம்மிடம் இருக்கிறானா என்பதில் இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு வெளிநாட்டு டிராயிங் புதிதில்லை. திருவெறும்பூரில் பாய்லர் செய்யும் பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலை 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு எழுந்தது. பக்கத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல் வந்தது. கப்பலில் பொருத்தி, உள்ளேயிருந்தபடியே இயக்கும் 12.7 மி.மீ. துப்பாக்கி அமைப்பை இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்திடமிருந்து பெற்ற தொழில்நுட்பத்தில் அங்கே செய்தார்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 எம்கேஐ படைப்பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அந்த விமானத்தின் உடல் ரஷ்ய வடிவமைப்பு. உள்ளே பிரெஞ்சு, இஸ்ரேல், இந்தியக் கருவிகள் இருக்கின்றன. அது சுமக்கும் பிரம்மோஸ் ஏவுகணை, இந்தியாவும் ரஷ்யாவும் 1998-ல் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்து, 2001 ஜூன் 12 அன்று முதன்முதலாகப் பறந்தது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கி வைத்ததும் திருச்சியில்தான், 2019 ஜனவரி 20-ல். சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி என ஐந்து மையங்கள் அதில் உண்டு.

எங்கள் பட்டறை பாய்லர் உதிரிபாகத்தில் வளர்ந்தது. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது இந்தத் தொழில் எஸ்டேட்டில் பல ஷெட்கள் மூடிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அப்போதுதான் பாதுகாப்புத் துறை வேலை பக்கம் திரும்பினோம். பாய்லர் வேலை செய்தவர்களுக்கு அழுத்தம், வெல்டிங், டெஸ்ட் சர்டிஃபிகேட் எல்லாம் பழக்கம். அது பெரிய பலம். ஆனால் இந்த வேலையின் படிப்பு வேறு.

முதல் விஷயம் டிராயிங். நம் நாடு எந்த ராணுவக் கூட்டணியிலும் உறுப்பினர் இல்லை. நேட்டோ நாடுகளுக்கு ஸ்டானாக் என்ற பொதுத் தர உடன்பாடுகள் இருக்கின்றன. குண்டின் அளவிலிருந்து எரிபொருள் வரை அதில் வரும். நமக்கோ ரஷ்யாவோடு ஒரு வழி, பிரான்சோடு ஒரு வழி, இஸ்ரேலோடு ஒரு வழி, அமெரிக்காவோடு இன்னொரு வழி. அதனால் எங்கள் மேசையில் ஒரே வாரத்தில் மூன்று நாட்டு வழக்கங்கள் சந்தித்துக்கொள்ளும். அமெரிக்க டிராயிங் தேர்ட் ஆங்கிள் என்ற வரையும் முறையில் வரும். ரஷ்யாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஃபர்ஸ்ட் ஆங்கிள். நம் பாலிடெக்னிக் பிள்ளைகள் படிப்பதும் அதுதான். இரண்டுக்கும் பக்கவாட்டுத் தோற்றம் இடம் மாறி இருக்கும். கவனிக்காமல் புரோகிராம் எழுதினால் இந்தப் பக்கம் வரவேண்டிய துளை அந்தப் பக்கம் போய்விடும், பாகம் குப்பை. சில ஐரோப்பிய டிராயிங்கில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா இருக்கும். பழகாத கண்ணுக்கு 12,5 என்பது இரண்டு எண்களாகத் தெரியும்.

அங்குல அளவை மில்லிமீட்டருக்கு மாற்றும் இடம் இன்னும் ஆபத்தானது. அளவு கூடிக்குறைய டிராயிங் அனுமதிக்கும் இடத்தை டாலரன்ஸ் என்போம். 0.0005 அங்குல டாலரன்ஸ் என்பது 12.7 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கால்குலேட்டரில் தட்டி 13 என்று முழுமையாக்கினால், டிராயிங் தராத இடத்தை நாமே எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். மாற்றும்போது டாலரன்ஸ் சுருங்கலாம், விரியவே கூடாது. எங்கள் ஷாப்பில் அது விதி. முடிந்தால் மாற்றவே வேண்டாம். மிஷினையே அங்குல மோடில் ஓட்டலாம், அங்குல கேஜ் (அளவைச் சரிபார்க்கும் கருவி) வாங்கி வைக்கலாம். அந்தச் செலவு ஒரே ரிஜெக்‌ஷனில் திரும்பிவிடும்.

இந்தத் தொல்லை கூட்டணி நாடுகளுக்கும் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் பேக்கார்டு கார் நிறுவனம் செய்ய ஒப்புக்கொண்டபோது, பிரிட்டிஷ் டிராயிங்குகளை அமெரிக்க முறைக்கு மாற்றி வரைந்தார்கள். மரை மட்டும் பிரிட்டிஷ் மரையாகவே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உதிரிபாகம் மாற்றிப் போட முடியாது. அந்த மரை வெட்டும் டேப்களையும் டைகளையும் அங்கே கடையில் வாங்க முடியவில்லை, பேக்கார்டே செய்துகொண்டது. ஒரே மொழி பேசுகிற, ஒரே போரில் நிற்கிற இரண்டு நாடுகளுக்கு நட்டும் போல்ட்டும் ஒத்துப்போகவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைத் தரத்துக்கு ஒப்புக்கொண்டன. இன்று எங்கள் டிராயிங்கில் யுஎன்எஃப், யுஎன்சி என்று வரும் மரைகள் அந்த உடன்பாட்டிலிருந்து வந்தவை. புதிதாகச் சேரும் பையன்களுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். ஒரு மரைக்குப் பின்னால் எத்தனை பேர் பட்ட பாடு இருக்கிறது என்று தெரிந்தால் கேஜ் போடும் கை தானாகவே நிதானமாகும்.

டிராயிங்கும் சாம்பிளும் ஒத்துப்போகாத நிலை அடிக்கடி வரும். இதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 1940 செப்டம்பரில் பிரிட்டனின் டிசார்டு குழு, ரேடாரின் இதயமான கேவிட்டி மேக்னட்ரானை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. நட்பு நாடுகளின் தொழில்நுட்பப் பகிர்வில் இதைவிடப் பெரியது குறைவு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அந்தச் சாம்பிளை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் எட்டுக் குழிகள். கூட வந்த டிராயிங்கிலோ ஆறு. பிரிட்டனிடம் கேட்டபோது விவரம் தெரிந்தது. முன்மாதிரிகள் பன்னிரண்டு செய்திருந்தார்கள், கடைசியாகச் செய்ததில் எட்டுக் குழி போட்டிருந்தார்கள், டிராயிங் மாறவில்லை. அமெரிக்கர்கள் சாம்பிளையே பின்பற்றி எட்டுக் குழியோடு செய்தார்கள்.

அவர்கள் கேட்டு முடிவெடுத்தார்கள். நாமும் கேட்க வேண்டும். எங்களுக்கு வந்த ஒரு பாகத்தில் சாம்பிளின் ஓரத்தில் சின்னச் சாம்ஃபர், அதாவது சரிவாகச் சீவிய விளிம்பு, இருந்தது, டிராயிங்கில் இல்லை. "சாம்பிள்ல இருக்குல்ல சார், போட்டுடலாம்" என்றான் மிஷினைத் தயார்செய்யும் செட்டர். மிஷினை நிறுத்தச் சொல்லி, வாடிக்கையாளருக்குப் படத்தோடு எழுதினேன். பதில் வர வாரக்கணக்கில் ஆனது. மிஷின் சும்மா நின்றது, முதலாளிக்கு வருத்தம். கடைசியில் புது ரிவிஷன் டிராயிங் வந்தது, சாம்ஃபரோடு. ஆனால் சாம்பிளில் இருந்த அளவு இல்லை, வேறு அளவு. போனில் "சரி, போடுங்க" என்று யார் சொன்னாலும் எழுத்தில் வாங்காமல் கத்தியை ஓட்டாதீர்கள். இன்ஸ்பெக்‌ஷனில் அந்த "சரி" யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்து மெட்டீரியல். கடையில் கேட்டால் "4340-ம் ஈஎன் 24-ம் ஒண்ணுதான், தாராளமா எடுத்துக்கங்க" என்பார்கள். இரண்டும் எஃகு ரகங்கள், வேதியியல் கலவை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் விமானத் தரத்துக்கு வரும் 4340-ல் எஃகை எப்படி உருக்கினார்கள் என்பதும் தரத்தின் பகுதி. வேக்குவத்தில் மறுபடி உருக்கிய எஃகு ஒரு தர எண்ணில் வரும், சாதாரணமாக உருக்கியது இன்னொரு எண்ணில். துப்பாக்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் எங்களுக்கு ஆலோசகராக வருகிறார். அவர் சொல்வது: "தம்பி, பேர் ஒண்ணா இருந்தா பத்தாது. எங்க உருக்குனான், எப்படி உருக்குனான், எந்த ஹீட்டுன்னு சீட்டுல இருக்கணும். சீட்டு இல்லாத கம்பி வெறும் இரும்பு."

அவர் வந்த பிறகு ஒரு பழக்கத்தை உறுதியாக்கினோம். கம்பியை அறுப்பதற்கு முன்னால் மிச்சத் துண்டிலும் ஹீட் நம்பரை, அதாவது ஒரே தடவையில் உருக்கிய எஃகுக்குத் தரும் எண்ணை, அடித்துவிட வேண்டும். அறுத்த பிறகு அடிக்கலாம் என்று விட்டால், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எந்தத் துண்டு எது என்று யாருக்கும் தெரியாது. பல வருடம் கழித்து எங்கேயோ ஒரு கப்பலில் ஒரு பாகம் விரிசல் விட்டால், அந்த ஹீட்டில் செய்த மற்ற பாகங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி எடுக்க அந்த எண் ஒன்றுதான் வழி. அந்தப் பாகத்தை நம்பி ஒரு ஆள் நிற்கிறார். அவர் எந்த ஊர், எந்த நாடு என்று எனக்குத் தெரியாது. ஹீட் நம்பர் அடிக்கும்போது அவரை நினைக்கச் சொல்லித்தான் பையன்களிடம் பேசுகிறேன்.

நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிராயிங்கில் உள்ள எல்லா அளவும் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. 1931-ல் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட வெப்பநிலை அது. மே மாதம் எங்கள் ஷெட்டுக்குள் சாதாரணமாக 38 டிகிரி இருக்கும். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 200 மி.மீ. நீளப் பாகம் 38 டிகிரியில் சுமார் 41 மைக்ரான் கூடுதலாக இருக்கும். 20 மைக்ரான் டாலரன்ஸ் உள்ள வேலையில் இது போதும், நல்ல பாகத்தைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் சொல்ல வைக்க. பாகமும் கேஜும் ஒரே உலோகம், ஒரே சூடு என்றால் பெருமளவு சமன் ஆகிவிடும். அலுமினியப் பாகத்தை எஃகு மைக்ரோமீட்டரில் அளந்தால் ஆகாது, அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். ஏசி போட்ட அளவை அறைக்கு முதலில் செலவு செய்யுங்கள், மிஷின் அப்புறம் வாங்கலாம். பாகத்தை அறைக்குள் வைத்து, அது முழுக்கக் குளிரும் வரை தொடாதீர்கள். பெரிய பாகத்தை முதல் நாள் மாலையே உள்ளே வைத்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலைமை நேர் எதிர். காலையில் மெருகாக இறக்கிய எஃகு மாலைக்குள் செம்புள்ளி பிடிக்கும். எண்ணெய் போட்டு, துரு தடுக்கும் விசிஐ பேப்பரில் சுற்றாமல் ஒரு பாகமும் தட்டில் இருக்கக்கூடாது. வியர்வைக் கையும் துரு பிடிக்க வைக்கும், அதனால் கையுறை கட்டாயம்.

எஃகின் மேல் துரு தடுக்கக் கேட்மியம் உலோகம் பூசும் பிளேட்டிங்கில்தான் எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. கடினமான எஃகுக்கு கேட்மியம் பூசினால், பூசிய நான்கு மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து, சுமார் 190 டிகிரியில் 23 மணி நேரம் சுட வேண்டும் என்று தரக் குறிப்பு சொல்லும். நம் பக்கத்தில் ஒப்புதல் பெற்ற பிளேட்டிங் கடைகள் அரிது, வெளியூர் அனுப்புகிறோம். அங்கே தொட்டியும் ஓவனும் வேறு வேறு கட்டிடத்தில் இருந்தால் நான்கு மணி எப்போது தொடங்கியது என்பதே தகராறு. பிளேட்டிங்கின்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். சுட்டு வெளியேற்றாவிட்டால், வெளியே எந்தக் குறையும் தெரியாத போல்ட் சில நாள் கழித்துச் சுமையில் திடீரென்று முறியும். இந்தக் காரணம் டிராயிங்கில் எழுதியிருக்காது. நேரம் மட்டும் இருக்கும். காரணம் தெரியாத ஆள் "அஞ்சு மணி நேரம் ஆச்சு, பரவாயில்ல" என்பான். தெரிந்தவன் சொல்ல மாட்டான். தொட்டியிலிருந்து எடுத்த நேரம், ஓவனுக்குள் வைத்த நேரம் இரண்டையும் வேலைச் சீட்டில் கையெழுத்தோடு வாங்க ஆரம்பித்தோம்.

எப்படிச் செய்வது என்பதை வெளிநாட்டு நிறுவனம் கொடுக்கும், ஏன் என்பதைத் தானாகக் கொடுக்காது. முதல் பாகத்தை ஆய்வு செய்ய ஐரோப்பாவிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம். பாகத்தைக் கையில் கொடுத்து, "இந்த மூலையில் மட்டும் ஏன் இவ்வளவு பெரிய ரேடியஸ்?" என்று கேட்டேன். மனிதர் உற்சாகமாகி, பழைய வடிவமைப்பில் விரிசல் எங்கே தொடங்கியது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று வரைந்தே காட்டினார். வேறு சில கேள்விகளுக்கு, "அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை" என்று மரியாதையாக நிறுத்திக்கொண்டார். அதுவும் நல்ல பதில்தான், எல்லை எங்கே என்று தெரிந்துகொண்டோம். அன்று மாலையே பேசியதைக் கூட்டக் குறிப்பாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டோம். மின்னஞ்சலில் இதே கேள்வியை அனுப்பியிருந்தால் சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே தங்கியிருக்கும். ஆள் வரும் நாளை வீணாக்காதீர்கள். டீ, சாப்பாடு, மாலை மரியாதையை விட அவருக்குப் பிடித்தது நல்ல கேள்விதான்.

நாடுகள் மட்டத்திலும் எல்லை இப்படித்தான் இருக்கிறது. டெல்டாக்காரனுக்கு நம் ஆற்றின் பெயர் வைத்த எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெங்களூரின் எரிவாயுச் சுழலி ஆய்வு நிறுவனம் 1989-ல் தொடங்கிய காவிரி எஞ்சின், நம் உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸுக்காகத்தான் திட்டமிடப்பட்டது. தேவையான உந்துவிசையை எட்ட முடியாமல் 2008-ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. தேஜஸ் இன்று அமெரிக்காவின் ஜிஇ நிறுவன எஞ்சினில் பறக்கிறது. எஞ்சினின் சூடான பகுதி, ஒற்றைப் படிக உலோகத்தில் வார்க்கும் பிளேடுகள், இதையெல்லாம் எந்த நட்பு நாடும் எளிதில் தந்துவிடுவதில்லை. 2023 ஜூனில் எஃப்414 எஞ்சினை இந்தியாவில் செய்ய ஜிஇயும் நம் அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல்லும் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டபோது அது பெரிய செய்தியானதற்குக் காரணம் இதுதான். காவிரி எஞ்சினில் உழைத்தவர்கள் உலோகத்திலும் சோதனையிலும் கற்றது வீண் போகவில்லை என்றே நான் நினைக்கிறேன். சொந்தமாக முயன்ற நாட்டுக்குத்தான் எதைக் கேட்பது என்று தெரியும்.

இனி, பலர் கவனிக்காத ஏற்றுமதிக் கட்டுப்பாடு. பாகத்தைக் கப்பலில் ஏற்றினால்தான் ஏற்றுமதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கட்டுப்பாட்டில் உள்ள டிராயிங்கை மின்னஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் ஏற்றுமதிதான். நம் நாட்டில் ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. அதன் ஆறாவது பிரிவு ராணுவப் பொருட்களுக்கானது, அனுமதி பாதுகாப்பு உற்பத்தித் துறையிடமிருந்து வர வேண்டும். அமெரிக்காவின் ஐடார் என்ற ஆயுத ஏற்றுமதி விதிகள் இன்னும் கடுமை. அமெரிக்க எல்லைக்குள்ளேயே ஒரு வெளிநாட்டவருக்கு டிராயிங்கைக் காட்டுவதைக்கூட அவை ஏற்றுமதியாகத்தான் கணக்கிடுகின்றன. ஒரு சிறு அமெரிக்கப் பாகம் உள்ளே இருந்தாலும் முழுப் பொருளை வேறு நாட்டுக்கு விற்க அமெரிக்க அனுமதி தேவைப்படலாம். 2018-ல் பிரான்சின் ஸ்கால்ப் ஏவுகணையை எகிப்துக்கு விற்பது இப்படித்தான் தடைப்பட்டது. பிரான்ஸ் அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளி, அதற்கே இந்த நிலை. அமெரிக்காவோடு ஆக்கஸ் பாதுகாப்புக் கூட்டணியில் இருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் 2024 செப்டம்பர் முதல் பெரும்பாலான அனுமதிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. நமக்கு அந்த விலக்கு இல்லை.

பட்டறையில் இதன் அர்த்தம் என்ன? செட்டிங்கில் சந்தேகம் வந்தால் டிராயிங்கைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பும் பழக்கம் நம் எஸ்டேட் முழுக்க உண்டு. அதை நிறுத்த வேண்டும். நாங்கள் இந்த வேலை நடக்கும் பகுதிக்குள் போனை வெளியே வைத்துவிட்டுப் போகிறோம். பிரிண்ட் எண் போட்டுக் கொடுத்து, மாலையில் எண்ணித் திரும்ப வாங்குகிறோம். ரிஜெக்ட் ஆன பாகத்தை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடக்கூடாது. உருத் தெரியாமல் வெட்டி, படம் எடுத்து, பதிவு செய்து, அதன் பிறகே எடை போட வேண்டும். மாணவர்கள் பயிற்சிக்கு வந்தால் அவர்களுக்கு வேறு பகுதி.

அரசியல் மாறினால் ஆர்டரும் மாறும். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்தபோது, தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக லாக்ஹீட் மார்ட்டினில் வேலை செய்துகொண்டிருந்த நம் இன்ஜினியர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இங்கே வந்து மீதியை முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ல் விமானம் பறந்தது. துருக்கி நேட்டோ உறுப்பினர், அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத் திட்டத்தில் பங்காளியாக இருந்தது. அதன் நிறுவனங்கள் 900-க்கும் மேற்பட்ட பாகங்களைச் செய்துகொண்டிருந்தன. ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக 2019 ஜூலையில் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அங்கே எங்களைப் போல ஒரு பட்டறை இருந்திருக்கும், அதில் ஒருவர் கடன் வாங்கி மிஷின் போட்டிருப்பார் என்று அப்போது யோசித்தேன். அவர் கையில் எந்தத் தவறும் இல்லை.

அதனால் ஒரே திட்டத்துக்காக, அதற்கு மட்டும் உதவும் மிஷின் வாங்காதீர்கள். எங்கள் பட்டறையில் இன்றும் பம்ப் பாகங்கள் ஓடுகின்றன. அறுவடை நேரத்தில் பெல்ட் வண்டிக்கு, அதாவது வயலில் இறங்கும் கம்பைன் அறுவடை இயந்திரத்துக்கு, ஷாஃப்டும் புஷ்ஷும் கடையும் ஒரு பழைய லேத்தை விடாமல் வைத்திருக்கிறோம். பூதலூரிலிருந்தும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்தும் அவசரமாக வருவார்கள், கையில் காசு கொடுப்பார்கள். பாதுகாப்பு வேலையின் பணம் வருவதற்குள் சம்பளம் போட இதுதான் உதவும்.

ஆட்களைப் பற்றி. எங்கள் ஆபரேட்டர்களில் பாதிப் பேர் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் நடவு, அப்புறம் அறுவடை. அந்த நாட்களில் விடுப்பு கேட்பார்கள், கொடுத்தாக வேண்டும். ஆர்டர் தேதி ஒப்புக்கொள்ளும்போதே இதைக் கணக்கில் எடுங்கள். இன்னொன்று, நன்றாகக் கற்ற பையன் ஓசூருக்கோ சென்னைக்கோ போவான். அவனைக் கட்டிப்போட முடியாது, அவன் முன்னேற்றத்தைத் தடுக்கவும் கூடாது. ஆனால் அவன் கற்றது அவனோடு போகக்கூடாது. அதற்காக, மிஷினைத் தயார்செய்யும் குறிப்பான செட்டப் ஷீட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்தோம். எந்த ஃபிக்சர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு), எந்த டூல் எவ்வளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும், முதல் வெட்டில் எங்கே அதிரும், எந்த அளவு சூட்டில் ஏமாற்றும், ஏன் அந்த ரேடியஸ். ஆங்கிலத்தில் எழுதியபோது ஆபரேட்டர்கள் படித்தார்கள், திருத்தவில்லை. தமிழில் எழுதிய பிறகு, "சார், இங்க நீங்க எழுதினது சரியில்ல, ஃபீடு கம்மி பண்ணணும்" என்று அவர்களே பேனாவால் திருத்திக் கொண்டுவருகிறார்கள். இந்த வட்டாரத்தில் யாரும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை. ஆனால் இந்தத் தாளும் டிராயிங் போலவேதான். எண் போட்டு, பூட்டி வைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஃபிக்சர் யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். எங்களுக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ஒரு வாடிக்கையாளரின் வேலைக்காக நாங்களே யோசித்து வடிவமைத்த ஃபிக்சரை, வேலை முடிந்ததும், "எங்கள் டிராயிங்கை வைத்துச் செய்தது, எங்களுக்குத்தான் சொந்தம்" என்று கேட்டார்கள். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அப்படி ஒரு வரி இருந்தது, எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு, டிராயிங் வாடிக்கையாளருடையது, உற்பத்தி முறையும் ஃபிக்சர் வடிவமைப்பும் எங்களுடையது என்ற வரி இல்லாமல் நாங்கள் எதிலும் கையெழுத்திடுவதில்லை. மறுத்தவர்கள் குறைவு. கேட்டால் கிடைக்கிறது.

பணம் தாமதமாகத்தான் வரும். முதல் பாக ஆய்வு, திருத்தம், மறு ஆய்வு, மேலே இருப்பவருக்கு அவருடைய வாடிக்கையாளர் கொடுத்த பிறகுதான் நமக்கு என்று இழுக்கும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு எடுத்துவிடுங்கள். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிறு பட்டறைக்காரர் வாடிக்கையாளரை இழக்கும் பயத்தில் புகார் கொடுக்க மாட்டார், அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. அதற்கு ட்ரெட்ஸ் என்ற இணையதளம் கொஞ்சம் இதமான வழி. வாங்குபவர் பில்லை ஏற்றுக்கொண்டால், வங்கி தள்ளுபடியில் நமக்கு உடனே பணம் கொடுத்துவிடும். ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்கள் அதில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆர்டர் எடுக்கும் முன்னாலேயே "ட்ரெட்ஸில் பில் ஏற்பீர்களா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நாட்டின் பாதுகாப்பு ஏற்றுமதி 2023–24-ல் 21,083 கோடி ரூபாய், 2024–25-ல் 23,622 கோடி. வேலை வருகிறது, இன்னும் வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏஎஸ்9100 என்ற விமானத் துறைத் தரச் சான்றிதழுக்குப் போகும் முன், இருக்கிற மிஷினிலேயே ஒரு எளிய பாகத்தை ஹீட் நம்பரிலிருந்து பேக்கிங் வரை முழு ஆவணத்தோடு செய்து பாருங்கள். முதல் பாக ஆய்வுக் கோப்பு ஒன்றாவது உங்களிடம் ஒழுங்காக இருக்கட்டும். தணிக்கைக்கு வருகிறவர் ஷெட்டுக்குள் நுழைந்ததும் மிஷினைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கோப்பைத்தான் கேட்பார்.